பொட்டு வைக்காத பீப்பாய்

கதவைத் திறந்ததும் சந்தனம் மணத்தது.

வேறு எந்த அறையாக இருந்தாலும் அது நல்ல விஷயம். எங்கள் அறைக்கு அது ஆகாது. அந்த அறையில் எந்த வாசனையும் இருக்கக் கூடாது. மூக்குக்கு ஒரு வாசனை எட்டுகிறது என்றால் ஏதோ ஒன்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிக் காற்றில் கலக்கிறது என்று அர்த்தம். அப்படி எதுவும் கிளம்பாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆயுத பூஜை முடிந்து, விஜயதசமி விடுமுறையும் கழிந்து, வேலைக்கு வந்த முதல் காலை அது. அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க வாசலுக்கு வாசல் பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. எங்கள் பட்டறையில் லேத்து மிஷின்களில் கட்டிய வாழைக்கன்றுகள் தலை தொங்கி நின்றன. செருப்புக்கு அடியில் பொரி நொறுங்கியது.

அறைக்கு நடுவில், மேஜை மேல், வெள்ளித்தாள் சுற்றிய பீப்பாய் இருந்தது. ஒரு பக்கத்துத் தாள் மட்டும் பிரித்துத் திரும்பவும் மூடியது மாதிரி இருந்தது. தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்திவிடுவதுபோல ஓரங்களை உள்ளே மடித்து வைத்திருந்தார்கள். நான் கையுறை போட்டுக்கொண்டு மெதுவாக எடுத்துப் பார்த்தேன்.

பீப்பாயின் வாய் வளையத்தில் மூன்று விரல் சந்தனம். நடுவில் குங்குமம். வயிற்றில் இன்னும் பெரியதாக ஒன்று. உள்ளே எட்டிப் பார்த்தேன். கண்ணாடிபோல மின்னும் எஃகு அடிப்பாகத்தில், காலைச் சுற்றி விழுந்த மத்தாப்புத் துகள் மாதிரி கொஞ்சம் குங்குமம் சிந்தியிருந்தது.

அன்று காலைதான் ஆராய்ச்சிக் கூடத்து மேடம் அந்தப் பீப்பாயை எடுத்துப்போக வருவதாக இருந்தது.

பேசக்கூடாத அறை

இந்தத் தொடரில் போன வாரம், கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நான் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைக்கும் காஜா வேலை பார்த்த காலத்தை எழுதியிருந்தேன். அங்கே என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவார்கள் என்றும் எழுதியிருந்தேன். நான்கு பேர் சேர்ந்திருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. பத்தாவதுவரை படித்தபோது வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிட்டால்கூடப் பக்கத்தில் இருக்கிறவள்தான் எனக்காகக் குரல் கொடுப்பாள்.

அந்தக் கம்பெனி மூடிய பிறகு இந்தப் பட்டறைக்கு பேக்கிங் வேலைக்கு வந்தேன். முதலாளி சேகர் சார் ஒருநாள், பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து, சுவருக்கு வழவழப்பான பலகை அடித்து, கண்ணாடி ஜன்னல் வைத்து, சுத்தம் செய்கிற அறையாக மாற்றினார். ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஒரு வேலை வரப் போகிறது என்றார்.

அந்த அறைக்குச் சில சட்டங்கள் உண்டு. தலையில் எண்ணெய் கூடாது. பூ கூடாது. பவுடர் கூடாது. ஒட்டுகிற பொட்டுகூடக் கூடாது, அதன் பசை ஆகாது. முகமூடி போட்டிருந்தாலும் உள்ளே பேசக் கூடாது. எச்சில் தெறிக்கும்.

எனக்கு முன்னால் இரண்டு பெண்களை விட்டுப் பார்த்தார். ஒருத்தி உள்ளே போனதும் பாட ஆரம்பித்துவிடுவாள். இன்னொருத்தி பீப்பாயோடு பேசுவாள். கடைசியில், "தேவகியப் போடு, அது வாயத் தெறந்து நான் பாத்ததில்ல" என்றார் சேகர் சார்.

அப்படித்தான் அந்த அறை எனக்கு வந்தது. என் வாழ்க்கையில் என் குறை ஒன்று தகுதியாக மாறியது அந்த ஓர் இடத்தில்தான்.

வெளியில் அதற்கு ஒரு விலை இருந்தது. பட்டாபிராமில் ரயில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்குகிறவரை பெண்கள் பெட்டியில் எல்லோரும் தெரிந்த முகங்கள். கொஞ்ச நாள் தலையில் பூ இல்லாமல், நெற்றி வெறுமையாகப் போனதும், ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போது ஆச்சு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கண் கலங்கிவிட்டார். வீட்டுக்காரர் ஆவடியில் ஆட்டோ ஓட்டுகிறார். அவரிடம் வந்து சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துவிட்டு, "நா உயிரோடதான கீறேன், இன்னா சொல்ற?" என்றார்.

அதற்குப் பிறகு பொட்டு வைத்துக்கொண்டே ரயில் ஏறினேன். அறை வாசலில் கைகழுவும் இடத்தில் ஒரு கண்ணாடி உண்டு. பொட்டைக் கழற்றி அந்தக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, முகம் கழுவி உள்ளே போவேன். சாயந்திரம் எடுத்து வைத்துக்கொள்வேன்.

குடம் நிறைகிற சத்தம்

பீப்பாய் எதற்கு என்று சொல்லியாக வேண்டும்.

ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வருகிற சுகன்யா மேடம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைவிட வயதில் சிறியவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் கேட்காமலேயே, ஒருநாள் டீ குடிக்கிற நேரத்தில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

வானத்தில் கருந்துளை என்று ஒன்று உண்டு. செத்துப்போன பெரிய நட்சத்திரம் தனக்குள்ளேயே இடிந்து விழுந்து அப்படி ஆகிறது. வெளிச்சம்கூட அதிலிருந்து தப்பி வெளியே வராது. அப்படி இரண்டு கருந்துளைகள் ஒன்றை ஒன்று சுற்றிச் சுற்றி, நெருங்கி நெருங்கி, கடைசியில் மோதி ஒன்றாகிவிடும். அந்த மோதலில் வெட்டவெளியே அதிர்ந்து, அந்த அலை நாலா பக்கமும் போகும். ஈர்ப்பு அலை என்று பெயர். நூறு கோடி வருஷங்களுக்கும் முன்னால் எங்கோ கிளம்பிய அலை இன்றைக்கு நம் பட்டறை வழியாகவும் போய்க்கொண்டிருக்கலாம். போகும்போது நம்மையும் துளி இழுத்துத் துளி சுருக்கிவிட்டுப் போகும். நமக்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள, மூலைமட்டம் மாதிரி செங்கோணத்தில் இரண்டு நீளமான குழாய்கள் போடுகிறார்களாம். ஒவ்வொன்றும் சில கிலோமீட்டர் நீளம். உள்ளே லேசர் ஒளியை விட்டு, இரண்டின் கடைசியிலும் கண்ணாடி தொங்கவிட்டு, ஒளி போய்த் திரும்புவதைப் பார்ப்பார்கள். அலை வந்தால் ஒரு குழாய் துளி நீளும், இன்னொன்று துளி குறையும். எவ்வளவு துளி என்று ஏகாம்பரம் அண்ணன் கேட்டார். அவர்தான் எங்கள் பட்டறையின் மூத்த டர்னர். லேத்தில் முடி கனத்துக்கும் குறைவாகச் சீவி எடுப்பவர். அதனால் அளவு என்றால் அவருக்குத் தனி ஆர்வம். அணுவின் நடுவில் இருக்கிற கருவை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு என்றார் மேடம். அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

இவ்வளவு நுணுக்கமான இடத்தில் காற்று இருந்தால் ஒளி சிதறும். அதனால் உள்ளே காற்றை முழுவதும் உறிஞ்சிவிடுகிறார்கள். காற்று போன பிறகு ஒரு விரல்ரேகை இருந்தாலும் அதிலிருக்கிற எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் போய்ப் படியும். அப்புறம் அந்தக் கண்ணாடி வீண். எனவே உள்ளே வைக்கிற ஒவ்வொரு கம்பியையும் திருகாணியையும் முதலில் ஒரு பீப்பாயில் போட்டு, அதிலிருந்து ஆவி எதுவும் கிளம்புகிறதா என்று சோதிப்பார்கள். அந்தச் சோதனைப் பீப்பாய்தான் எங்களிடம் செய்யக் கொடுத்தது.

பேச்சின் முடிவில் மேடம் செல்போனில் ஒரு சத்தம் போட்டுக் காட்டினார். இரண்டு கருந்துளைகள் ஒன்றான அலையைக் காதுக்குக் கேட்கிற மாதிரி மாற்றியது. அடித்தொண்டையில் ஆரம்பித்து, சரசரவென்று மேலே ஏறி, சட்டென்று நின்றது. ஒரு மூச்சு நேரம்கூட இல்லை.

நான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"லாரித் தண்ணி குடத்துல ரொம்பறப்ப கேக்குமே, அது மாதிரி கீது மேடம்."

எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்தால் யாரும் குடத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அடியில் விழும்போது கட்டையாக இருக்கும் சத்தம், நிறைய நிறைய மெலிந்து மேலே ஏறும். கழுத்துக்கு வந்ததும் காது சொல்லிவிடும். கை தானாகக் குழாயை அடுத்த குடத்துக்கு மாற்றும். மேடம் சிரித்து, இன்னொரு தடவை போட்டுக் கேட்டார்.

"குளுமையா இருக்கட்டும்"

சந்தனத்துக்கு வருகிறேன்.

பூஜையன்று எங்கள் பட்டறையில் பொட்டு இல்லாமல் எதுவும் தப்பாது. லேத்து, டிரில்லிங் மிஷின், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ், சுத்தியல், ஸ்பேனர், கால்குலேட்டர், வாசலில் நிற்கிற முதலாளி கார், வாட்ச்மேன் டார்ச் லைட்வரை எல்லாவற்றுக்கும் வைப்போம். என் அறைக்கு மட்டும் கதவில் வைத்தால் போதும் என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது. நான் பெண்களோடு பின்பக்கம் சுண்டல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். கற்பூரப் புகை எல்லா அறைக்கும் போக வேண்டும் என்று சாவிக்கொத்தை யாரோ வாங்கிப் போனார்கள்.

இது யார் வேலை என்று அந்தக் காலையில் நான் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று விரல் தடத்தில் ஒன்று மட்டும் குட்டையாக இருந்ததைப் பார்த்ததுமே தெரிந்தது. வலது கையில் ஆள்காட்டி விரல் பாதி இல்லாதவர் எங்கள் பட்டறையில் ஒருவர்தான்.

ஏகாம்பரம் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மறைக்கவில்லை.

"நாந்தான் வெச்சேன். இன்னான்ற இப்போ? துருப்புடிச்ச வைஸுக்கெல்லாம் பொட்டு வெச்சிட்டு, இத்த மட்டும் மொட்டையா உடச் சொல்றியா?"

பீப்பாயை அறுத்துக் கடைந்தவர் அவர்தான். வெல்டிங் வைக்கும்போதும் பக்கத்திலேயே நின்றார். திருமுல்லைவாயில்காரர். அந்த ஊர்க் கோயில் சாமி உடம்பில் வாள் வெட்டு பட்டதாகவும், காயம் குளிரட்டும் என்று வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பிலேயே இருப்பதாகவும் அங்கே சொல்வார்கள்.

"இதுவும் வெட்டுன உடம்பு, சுட்டு ஒட்டுன உடம்பு. குளுமையா இருக்கட்டும்னு வெச்சேன். நீயும் பொட்டக் கயட்டிட்டு உள்ள போற, அதுக்கும் கெடையாது. இன்னா ரூம்மா அது, எழவு ஊடாட்டம்."

அவர் சொன்னதில் பாதி எனக்கும் தோன்றியிருந்ததுதான்.

சத்தம் கேட்டு சேகர் சார் வந்தார். பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இன்னும் இரண்டு பட்டறைகளுக்கும் இதே மாதிரி ஒவ்வொரு பீப்பாய் கொடுத்திருந்தார்கள். சரியாக முடித்துக் கொடுக்கிறவர்களுக்குத்தான் அடுத்த பெரிய வேலை. அது வராவிட்டால் இந்த அறையைத் திரும்பவும் ஸ்டோர் ரூம் ஆக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவர் போன மாதமே சொல்லியிருந்தார். நான் திரும்பவும் அட்டைப்பெட்டி ஒட்டப் போக வேண்டும், பத்துப் பேர் பேச்சுக்கு நடுவில்.

"தேவகிம்மா, ஸ்பிரிட்ட போட்டு நல்லாத் தொடச்சி மூடிடு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் சேகர் சார். அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார்.

நான் துடைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அளவுக்குத் துடைத்தேன். ஆனால் முகமூடியை இறக்கிவிட்டு முகர்ந்தால், வாய் வளையத்தின் திருகு ஓட்டைகளுக்குள்ளிருந்து சந்தனம் இன்னும் கூப்பிட்டது.

மேடம் வந்தார்

மேடம் வேனில் வந்து இறங்கினார். பெட்டி தயாராக இருந்தது. சேகர் சார் அவரிடம் வழி, வாகன நெரிசல், பூந்தமல்லி ரோட்டு மெட்ரோ வேலை என்று என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடிக்கு உள்ளே நின்றேன். இந்த அறையில் பேசக் கூடாது என்பது சட்டம். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மற்றதையெல்லாம் சோதிக்கப் போகிற பீப்பாய் இது. இதுவே பொய் சொன்னால், அப்புறம் இதற்குள் வைக்கிற எல்லாமே பொய்தான்.

வெளியே வந்தேன். முகமூடியைக் கழற்றினேன்.

"மேடம், இதுக்குப் பொட்டு வெச்சிட்டாங்க."

சேகர் சார் மேலே மின்விசிறியைப் பார்த்தார். மேடத்துக்கு முதலில் புரியவில்லை. எங்கே என்று கேட்டார்.

"வாய்ல ஒண்ணு, வயித்துல ஒண்ணு. உள்ளயும் கொஞ்சம் குங்குமம் சிந்திகீது. தொடச்சிட்டேன். ஆனா போவல."

மேடம் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். யார் வைத்தது என்று கேட்டார். நான் அதற்கு வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து ஏகாம்பரம் அண்ணன் தானாகவே முன்னால் வந்து, நான்தான் என்றார். வெட்டுப்பட்ட உடம்பு, குளுமை, சாமி, எல்லாவற்றையும் மேடத்திடமும் அப்படியே சொன்னார்.

மேடம் திட்டவில்லை. "எங்க அம்மா என் லேப்டாப்புக்கே வச்சுட்டுத்தான் விடுவாங்க" என்றார். பிறகு குரல் மாறியது.

"அக்கா, நீங்க சொல்லாம விட்டிருந்தாலும் எங்க சோதனையில இந்தச் சந்தன எண்ணெய் தெரிஞ்சிருக்கும். ஆனா எங்கேருந்து வருதுன்னு தெரியாம, உள்ள வச்ச ஒவ்வொரு சாமானையும் சந்தேகப்பட்டு மாசக்கணக்குல அலைஞ்சிருப்போம்."

பீப்பாயை எடுத்துப்போக முடியாது, முதலிலிருந்து எல்லாம் செய்யுங்கள், தயார் ஆனதும் நானே வந்து சோதிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெறும் வேனோடு போனார். அடுத்த வேலை உங்களுக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சேகர் சார் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஏகாம்பரம் அண்ணனும்தான்.

வேலிக் குச்சிகள்

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. அதில் எனக்குப் பயம் கிடையாது.

பீப்பாயைச் சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, ஒலியால் அதிரவைத்து, உப்பு நீக்கிய தண்ணீரில் அலசினேன். திருகு ஓட்டை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் துணி முறுக்கி விட்டு எடுத்தேன். ஒரு பக்கமாகத்தான் துடைக்க வேண்டும், போன துணி திரும்பி வரக் கூடாது. ஸ்பிரிட், மறுபடி தண்ணீர், மறுபடி ஸ்பிரிட். பிறகு வாயை மூடி, உடம்பெல்லாம் சூடாகும் பட்டையைச் சுற்றி, காற்றை உறிஞ்சிக்கொண்டே நாள்கணக்கில் சுடவைத்தோம். கட்டுப் போட்ட நோயாளி மாதிரி அது மேஜையில் கிடந்தது. பம்பு இரவு பகலாக ஓடியது.

அதற்குள் வேறு ஒரு பட்டறை தன் பீப்பாயைக் கொடுத்துவிட்டதாகச் சேகர் சார் காதுக்குச் சேதி வந்தது. ஸ்டோர் சாமான்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒருநாள் அவர் என் அறையைக் கண்ணால் அளந்துகொண்டு நின்றார். நான் பட்டையின் சூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேடம் சொன்னபடி வந்தார். ஒரு கருவியைப் பீப்பாயில் பொருத்தினார். உள்ளே மிச்சம் என்ன வாயு இருக்கிறது என்று கம்ப்யூட்டர் திரையில் அது கோடு கோடாகக் காட்டும். தண்ணீர் ஆவிக்கு ஓர் இடத்தில் கோடு, காற்றுக்கு வேறு இடத்தில். எண்ணெய் இருந்தால் வலது பக்கம், வேலிக்கு நட்ட குச்சிகள் மாதிரி, ஒரே இடைவெளியில் கும்பல் கும்பலாகக் கோடுகள் வரும் என்று மேடம் சொல்லித் தந்திருந்தார்.

கண்ணாடிக்கு வெளியே பட்டறையே நின்றது. ஏகாம்பரம் அண்ணன் மட்டும் தன் லேத்துப் பக்கம் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓடாத மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இடது பக்கம் ஒவ்வொரு கோடாக எழுந்தது. வலது பக்கம் வெறும் தரையாகவே இருந்தது. மேடம் அளவைப் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார். வேலி இல்லை.

மேடம் என் பக்கம் திரும்பி, அறைச் சட்டப்படி ஒன்றும் பேசாமல், கட்டை விரலைத் தூக்கினார். நான் கண்ணாடி வழியாக ஏகாம்பரம் அண்ணன் முதுகைப் பார்த்தேன். யாரோ ஓடிப்போய் அவரிடம் சொன்னார்கள். அவர் திரும்பவில்லை. துடைக்கிற கை மட்டும் நின்றது.

உற்சவர்

பெரிய வேலை வந்தது. அதற்குக் காரணம் அந்தத் திரையா, நான் சொன்ன அந்த ஒரு வரியா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அறை அறையாகவே இருக்கிறது. இப்போது அதில் நாங்கள் இரண்டு பேர். புதிதாக வந்தவள் மாங்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அவளும் வாசல் கண்ணாடியில்தான் பொட்டைக் கழற்றி ஒட்டுகிறாள். அவளுடையது சிவப்பு, என்னுடையது அரக்கு. மாறிப்போவதில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. சாவியை நான் இடுப்பிலேயே செருகிக்கொண்டேன். ஏகாம்பரம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தன் பெட்டியைத் திறந்தார். அந்த முதல் பீப்பாய்க்கு வாய் திறப்பதற்காகத் தகட்டில் வட்டம் அறுத்தபோது விழுந்த நடுத் துண்டு, உள்ளங்கை அகலம், அதை அவர் எடுத்து வைத்திருந்தார். வருஷம் முழுக்க இடைவேளையில் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கியிருந்தார். மேலே சின்னதாக ஓர் ஓட்டை போட்டு, கம்பி கோத்திருந்தார்.

"மூலவர எவனும் தொடக் கூடாதுன்ற. சரி, தொடல. இவரு உற்சவரு. அதே இரும்பு, அதே வவுத்துல பொறந்தது. இவருக்கு நா பண்றேன், கேக்கறதுக்கு ஆளு கெடையாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்துவிட்டேன். பட்டறையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள், என் சிரிப்புச் சத்தத்தை அதுவரை கேட்டதில்லை என்பதால்.

மூன்று விரல் சந்தனம் வைத்தார். நடுவில் குங்குமம். கற்பூரம் காட்டினார். பிறகு அதை எடுத்துக்கொண்டு என் அறைவரை வந்து, வாசலோடு நின்று, என்னிடம் நீட்டினார். அதைக் கைகழுவும் இடத்தில், கண்ணாடிக்குப் பக்கத்தில், ஆணியடித்து மாட்டினேன்.

சில வருஷங்களாக அது அங்கேதான் தொங்குகிறது. காலையில் நான் என் பொட்டைக் கழற்றி ஒட்டும்போது அது தன் பொட்டோடு என்னைப் பார்க்கும். சாயந்திரம் நான் வைத்துக்கொண்டு கிளம்பும்போதும் பார்க்கும். கதவுக்கு இந்தப் பக்கம் சந்தனம் மணக்கும். அந்தப் பக்கம் எந்த வாசனையும் இருக்காது.